கலை நூல்களைப் படிக்கத் தொடங்குபவருக்கு: எதை முதலில், எதை எப்படி

நூல்களின் பெயர்களைச் சொல்வதற்கு முன், வீட்டில் தையலுக்கு வைத்திருக்கும் இஞ்சு டேப் ஒன்றையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். தரையில் 777 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதன் முனையிலிருந்து 349 சென்டிமீட்டருக்கு இன்னொரு கோடு போட்டு நீள்சதுரத்தை முடியுங்கள். 1937இல் பிக்காசோ வரைந்த 'கெர்னிக்கா' ஓவியத்தின் அளவு அது. அதன் மூலையில் 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறு கட்டம் ஒன்றை வரைந்தால், அது 'மோனாலிசா'வின் அளவு. கலை வரலாற்று நூல்களில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அகலத்தில், ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி அச்சாகியிருக்கும். ஒன்றின் முன் நாம் நடந்து நடந்து பார்க்க வேண்டும் என்பதையும், மற்றதை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்க முடியும் என்பதையும் அச்சுப் பக்கம் நமக்குச் சொல்வதில்லை. படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அளவைப் படித்துவிட்டு மேலே செல்லும் பழக்கம், கலை பற்றிப் படிக்கத் தொடங்குபவர் கைக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம்.

நான் இருபத்து நான்கு வயதில், பெருவிலை கொடுத்துக் கனமான கலை வரலாற்று நூல் ஒன்றை வாங்கினேன். மூன்று மாதங்கள் இரவில் அதைப் படித்தேன். இயக்கங்களின் பெயர்களும் ஆண்டுகளும் மனத்தில் தங்கின, ஆனால் ஒரு கோயில் தூணின் முன் நின்றபோது அந்தப் படிப்பு எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அதற்குப் பின் பல ஆண்டுகளில் நானாகக் கண்டுகொண்ட வரிசையையே இங்கே எழுதுகிறேன். கலை நூல் கண்ணைப் பழக்குவதற்காகப் படிக்கப்படுவது. ஆகவே ஒவ்வொரு நூலையும் ஏதேனும் ஒரு படைப்பின் எதிரில் வைத்து, கையில் பென்சிலோடு படிக்க வேண்டும் என்பதே இந்த வரிசையின் அடிப்படை.

பார்வையைப் பற்றிய ஒரு சிறு நூல்

முதலில் எடுக்க வேண்டியது ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்'. 1972இல் பிபிசியில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான நிகழ்ச்சியிலிருந்து உருவான இந்த நூலை இரண்டு மாலைப் பொழுதுகளில் படித்துவிடலாம். ஏழு கட்டுரைகளில் மூன்றில் ஒரு சொல்கூடக் கிடையாது, படங்கள் மட்டுமே. புதியவர்கள் இந்த மூன்றையும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பக்கத்தில் உள்ள படங்களை ஏன் அருகருகே வைத்திருக்கிறார் என்று ஒரு தாளில் நீங்களே இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

இந்நூலில் ஒரு சோதனை இருக்கிறது. கோதுமை வயலின் மேல் காக்கைகள் பறக்கும் வான்கோவின் ஓவியம் ஒரு பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டச் சொல்கிறார் பெர்ஜர். புரட்டினால், அதே படத்தின் கீழ், வான்கோ தற்கொலை செய்துகொள்வதற்கு முன் வரைந்த கடைசிப் படம் இது என்ற வரி இருக்கிறது. படம் மாறவில்லை, ஆனால் நாம் பார்ப்பது மாறிவிடுகிறது. வானம் கறுக்கிறது, நடுவில் செல்லும் பாதை எங்கும் போய்ச் சேராததுபோல் தோன்றுகிறது. ஒரு வரி விளக்கம் ஒரு படத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த வரி உண்மையன்று. வான்கோ கடைசியாக வரைந்தது மரவேர்களைக் காட்டும் வேறோர் ஓவியம் என்றே இன்றைய ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். தவறான ஒரு வரியும் அதே வலிமையோடு நம் கண்ணை இழுத்துச் செல்லும் என்பதால், அருங்காட்சியகத்தில் விளக்கப் பலகையைப் படிப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது பொருளை மட்டும் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வரலாறு, மெதுவாக

அடுத்தது ஒரு முழு வரலாறு. இதற்கு எர்ன்ஸ்ட் கோம்பிரிச் எழுதி 1950இல் வெளிவந்த 'தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட்' நூலையே இன்றும் பரிந்துரைக்கிறேன். அதில் குறைகள் உண்டு, அவற்றைப் பின்னர் சொல்கிறேன். பதின்வயதினரை மனத்தில் வைத்துத் தொடங்கிய நூல் என்பதால் நடை எளியது. படமாகக் காட்ட முடியாத எந்தப் படைப்பைப் பற்றியும் எழுதுவதில்லை என்று அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு, தொடக்க நிலையினருக்குப் பெரிய உதவி. ஒவ்வொரு பத்தியும் கண்ணெதிரே உள்ள ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும்.

கலை என்று உண்மையில் ஒன்று இல்லை, கலைஞர்கள்தாம் இருக்கிறார்கள் என்ற புகழ்பெற்ற வாக்கியத்தோடு நூல் தொடங்குகிறது. அந்த முன்னுரையிலேயே இரண்டு சித்திரங்களை அருகருகே காட்டுகிறார். ஒன்று, ரூபென்ஸ் தம் மகனை வரைந்தது: உருண்டைக் கன்னமும் சுருள்முடியுமாக யாருக்கும் பிடித்துப்போகும் முகம். மற்றது, 1514இல் ட்யூரர் தம் முதிய தாயைக் கரிக்கோலால் வரைந்தது: ஒட்டிய கன்னம், புடைத்த கழுத்து நரம்புகள், வேறெங்கோ நிலைத்த கண்கள். முதல் பார்வையில் நாம் இரண்டாவதிலிருந்து விலகுகிறோம். வரையப்பட்டவரின் அழகை வரைதலின் அழகாக எண்ணிக் குழம்புகிறோம் என்பதை நாமே உணரும்வரை அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் அந்த மூதாட்டியின் முகத்தை மூன்று முறை பார்த்து வரைந்தேன். மூன்றாம் முறைதான் அந்த நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு பரிவோடு போடப்பட்டவை என்பது தெரிந்தது.

வாரத்துக்கு ஓர் இயல் போதும். 28 இயல்கள் உள்ளதால் ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆகும். ஒவ்வோர் இயலிலும் ஒரு படத்தை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒரு குறிப்பேட்டில் அதன் பெயர், காலம், அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, கீழே கட்டைவிரல் அளவுக்கு அதன் அமைப்பைக் கோடுகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். எகிப்து பற்றிய இயலுக்கு நெபமுன் என்பவரின் கல்லறைச் சுவரிலிருந்து எடுக்கப்பட்ட தோட்ட ஓவியத்தைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஓவியத்தில், குளம் மேலிருந்து பார்ப்பதுபோலவும், மீன்களும் வாத்துகளும் கரை மரங்களும் பக்கவாட்டில் பார்ப்பதுபோலவும் இருக்கின்றன. தெரிந்ததையெல்லாம் தெளிவாகக் காட்டுவதே அந்த ஓவியரின் நோக்கம். ஓரிடத்தில் நின்று கண்ணில் பட்டதை வரைவது அவர் வேலையாக இருக்கவில்லை. இதைப் புரிந்துகொண்டு சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கும் ஒரு தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர் என எல்லாம் தொடுவானமே இல்லாத ஒரே நீர்ப்பரப்பில் விரிந்திருக்கின்றன. இரு ஓவியங்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது, எனினும் ஒன்றைப் படித்த கண் மற்றொன்றை விரைவில் புரிந்துகொள்கிறது.

ஆங்கிலத்தில் தொடர்ந்து படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு, பி. ஏ. கிருஷ்ணன் தமிழில் எழுதியுள்ள 'மேற்கத்திய ஓவியங்கள்' நல்ல துணை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஓவியரைப் பற்றி இருவரும் சொல்வதை ஒப்பிட்டுப் படிப்பது இன்னும் பயன் தரும்.

நம் பக்கத்துச் சிற்பங்களுக்கான நூல்கள்

கோம்பிரிச்சின் நூலில் இந்தியாவுக்குக் கிடைப்பது காந்தாரப் புத்தர் சிற்பங்களை ஒட்டிய சில பத்திகளே. தமிழ் வாசகர் அந்த நூலோடு நின்றுவிட்டால், தம் ஊர்க் கோயில் மண்டபத்தைக் கலை என்று எண்ணாமலே வாழ்நாளைக் கழித்துவிடக்கூடும். ஆகவே ஏழு மாதம் முடியும்வரை காத்திராமல், மூன்றாம் மாதத்திலிருந்தே கீழ்க்காணும் நூல்களையும் கூடவே படிக்கத் தொடங்குங்கள்.

மயிலை சீனி. வேங்கடசாமி 1956இல் வெளியிட்ட 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' இதற்கு ஏற்ற வாசல். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என ஒவ்வொன்றையும் இலக்கியச் சான்றுகளோடு எளிய தமிழில் விளக்கும் நூல் அது. கோயிலின் அதிட்டானம், கபோதம், கருவறை விமானம் போன்றவற்றின் பெயர்கள் தெரியாமல் ஒரு கட்டடத்தைக் கூர்ந்து பார்ப்பது கடினம். அந்தச் சொற்களைக் கற்பதற்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய நூல்களில் காலக் கணிப்புகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரவர்ம பல்லவனுக்கு உரியவை என்று பழைய நூல்கள் பல கூறும். அங்குள்ள கல்வெட்டோ, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைச் சொல்கிறது.

அடுத்து, கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் 'தி டான்ஸ் ஆஃப் சிவா'. 1918இல் வந்த இத்தொகுப்பில், நூலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு கட்டுரையை மட்டும் முதலில் படித்தால் போதும். நடராசரின் ஐந்தொழிலை அவர் மேலை வாசகருக்கு விளக்கியதற்கு அடிப்படையாக இருந்தவற்றுள் ஒன்று, மனவாசகம் கடந்தார் இயற்றிய 'உண்மை விளக்கம்' என்ற தமிழ் நூலின் வெண்பா. 'தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில்' என்று தொடங்கும் அது, உடுக்கையில் படைப்பு, அமைத்த கரத்தில் காப்பு, நெருப்பில் அழிப்பு, ஊன்றிய திருவடியில் மறைப்பு, தூக்கிய திருவடியில் முத்தி என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருளைக் குறித்துவிடுகிறது.

இந்த வெண்பாவை மனப்பாடம் செய்துகொண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரின் முன் நில்லுங்கள். முதலில் வெண்பா சொல்லும் வரிசையில் கண்ணை நகர்த்துங்கள். பிறகு வெண்பாவை மறந்துவிட்டு, ஊன்றிய காலின் முழங்கால் மடிப்பையும், உடலின் குறுக்கே வீசிய இடக்கையையும், இடுப்பின் திருகலையும் மட்டும் பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இப்படிமத்தை நேரில் பார்த்தவரல்லர். நிழற்படங்களை வைத்துக்கொண்டே 1913இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அது 1921இல் அச்சாயிற்று. தத்துவ விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தசையும் ஒளியும் அசைவும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. குமாரசுவாமி பொருளைக் காட்டுகிறார், ரோடான் உடலைக் காட்டுகிறார். வெண்பா 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, படிமமோ அதற்கு முந்தைய சோழர் காலத்து வார்ப்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த விளக்கத்தை முன்னால் இருந்த ஸ்தபதியின் மனத்தில் நாமே ஏற்றிவிடாமல் இருக்கலாம்.

படிமங்களில் ஆர்வம் மிகுந்தவர் சி. சிவராமமூர்த்தி 1963இல் எழுதிய 'சவுத் இந்தியன் பிரான்சஸ்', வித்யா தெஹேஜியா 1990இல் எழுதிய 'ஆர்ட் ஆஃப் தி இம்பீரியல் சோழாஸ்' ஆகியவற்றுக்குச் செல்லலாம். ஆனால் அவற்றுக்கும் முன், கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' கிடைத்தால் அதை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பேன். செய்யும் கையிலிருந்து வந்த நூல் அது. உருவத்தின் உயரத்தை முகத்தின் நீளத்தால் அளக்கும் தாலமானம் என்ற முறையை அதில் கற்கலாம். ஒரு தாலம் 12 அங்குலம், இங்கே அங்குலம் என்பது அந்தச் சிலைக்கே உரிய பங்கைக் குறிக்கும். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது 124 பங்கு. தேவியருக்கு மத்திம தச தாலம், 120 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம். இதைப் படித்த அன்றே நேராக நிற்கும் ஒரு திருமால் படிமத்தின் முன் சென்று, கையை நீட்டிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, முகத்தின் நீளத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, அது உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பக்கத்தில் உள்ள பிள்ளையாரை எண்ணுங்கள். அந்தக் குழந்தைத்தன்மை எங்கிருந்து வருகிறது என்பது கணக்காகவே தெரிந்துவிடும்.

சென்னைக்கு வர இயலாதவர்கள் தஞ்சைக் கலைக்கூடத்தில் இதைச் செய்யலாம். இலங்கை வாசகர்களுக்குப் பொலன்னறுவையில் கிடைத்த சிவன், பார்வதி படிமங்கள் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலேயே உள்ளன.

கையால் படிப்பது

வரையத் தெரியாதவருக்கு வரைதல் நூல் எதற்கு என்று கேட்கலாம். ஓவியர் ஆவது இதன் நோக்கமன்று. ஒரு கோட்டை இழுத்துப் பார்த்தவர்தான் பிறர் இழுத்த கோட்டின் தயக்கத்தையும் துணிவையும் காண்பார். இதற்கு நான் முதலில் சொல்வது, கிமோன் நிகொலாய்டிஸ் எழுதி, அவர் மறைந்த பின் 1941இல் வெளிவந்த 'தி நேச்சுரல் வே டு ட்ரா'. முழுநூலையும் செய்து முடிக்க ஓராண்டு உழைப்பு வேண்டும், முதல் பயிற்சி மட்டும் இப்போதைக்குப் போதும். சமையலறையிலிருந்து ஓர் இஞ்சித் துண்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். பென்சில் முனையைத் தாளில் ஊன்றிவிட்டு, அம்முனை இஞ்சியின் விளிம்பையே தொட்டுக்கொண்டிருப்பதாக உறுதியாக எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல், இஞ்சியை மட்டும் பார்த்தபடி, கண் நகரும் வேகத்திலேயே கையையும் நகர்த்துங்கள். இருபது நிமிடமாவது ஆக வேண்டும். தாளில் வந்திருப்பது இஞ்சியைப் போல இருக்காது, கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிக் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு கணுவிலும் தோல் எப்படிச் சுருங்கி மடிகிறது என்பதை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்திருப்பீர்கள். முதல் ஐந்தாயிரம் தவறுகளை விரைவாகச் செய்து முடித்தால் அவற்றைத் திருத்தவும் விரைவில் முடியும் என்கிறார் அவர். அந்த எண்ணிக்கை எனக்கு எப்போதும் தெம்பு தந்திருக்கிறது.

பெட்டி எட்வர்ட்ஸின் 'ட்ராயிங் ஆன் தி ரைட் சைட் ஆஃப் தி பிரெயின்', 1979இல் வந்து உலகெங்கும் பரவிய நூல். மூளையின் வலப்பாதி, இடப்பாதி பற்றி அது சொல்லும் விளக்கத்தை இன்றைய நரம்பியல் அவ்வளவு எளிமையாக ஏற்பதில்லை. அதைத் தள்ளிவிட்டுப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிக்காசோ வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் உருவப்படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொல்லும் பயிற்சி மிகச் சிறந்தது. தலைகீழாக இருக்கும்போது மூக்கு மூக்காகத் தெரிவதில்லை, கோடாகத் தெரிகிறது, ஆகவே உள்ளபடி வரைகிறோம்.

வண்ணத்துக்கு ஒரே நூல் போதும்: ஜோசப் ஆல்பர்ஸின் 'இன்டராக்ஷன் ஆஃப் கலர்', 1963. பட்டுச்சேலை வாங்குபவர்கள் விளக்கொளியில் பார்த்ததை நம்பாமல் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நிறம் சூழலால் மாறும் என்பது நம் வீட்டுப் பெண்கள் நன்றாக அறிந்த செய்தி. ஆல்பர்ஸ் அதையே ஒரு பாடத்திட்டமாக்கினார். சாயம் எதுவும் வேண்டாம், வண்ணத்தாள்கள் போதும் என்பது அவர் முறை. தையல்காரரிடம் கிடைக்கும் ரவிக்கைத் துண்டுத் துணிகளிலும் இதைச் செய்யலாம். மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரே துணியிலிருந்து ஒரே அளவில் இரண்டு சதுரங்களை வெட்டி, ஒன்றை அடர்நீலத்தின் மேலும் மற்றதை வெளிர்மஞ்சளின் மேலும் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு துணிகள் என்றே கண் சொல்லும். ஒரு நிறத்தை இரண்டாகக் காட்டப் பழகிய பின், இரண்டு நிறங்களை ஒன்றாகக் காட்ட முயலுங்கள். அது கடினமானது, பல நாள் பிடிக்கும்.

கலைஞர்களும் பட்டறைகளும் விட்டுச்சென்ற எழுத்து

இதுவரை சொன்ன நூல்களைவிட எனக்கு நெருக்கமானவை வான்கோவின் கடிதங்கள். அவர் எழுதியவற்றுள் 800க்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. பெரும்பகுதி தம்பி தியோவுக்கு எழுதியவை. தியோவின் மனைவி யோ, கணவர் மறைந்த பின் அவற்றைக் காத்து 1914இல் வெளியிட்டார். 27 வயதில் வரையத் தொடங்கிய ஒருவர், அச்சிட்ட பயிற்சித் தாள்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப நகலெடுத்ததையும், 1882இல் காட்சியின் தொலைவுகளைச் சரியாகப் பிடிப்பதற்காக நூல் கட்டிய சட்டகம் ஒன்றைச் செய்வித்துக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றதையும், அதன் படத்தைக் கடிதத்திலேயே வரைந்து காட்டியதையும் படிக்கும்போது, மேதை என்ற சொல்லால் நாம் மூடி வைத்திருக்கும் உழைப்பு வெளியே தெரிகிறது. 1885 ஏப்ரலில் 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தைப் பற்றி எழுதுகையில், தட்டில் நீட்டும் அதே கைகளால்தான் இவர்கள் மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல விரும்பினேன் என்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஓவியத்தில் கைகளை மட்டும் பாருங்கள்.

கடிதங்களை முதலிலிருந்து இறுதிவரை படிக்க வேண்டியதில்லை. ஓர் ஓவியத்தைத் தேர்ந்து, அதை வரைந்த மாதத்தின் கடிதங்களை மட்டும் படிக்கலாம்.

பட்டறை நூல்களில் இரண்டு. இத்தாலியில் 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட சென்னினோ சென்னினியின் கைநூல், வண்ணம் அரைப்பது முதல் பொன் தகடு ஒட்டுவது வரை ஒரு சீடருக்குச் சொல்வதுபோலச் சொல்கிறது. இளையோர் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டையின் வெளிறிய மஞ்சள் கருவையும், முதியோர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவையும் கலக்கச் சொல்லும் இடத்தைப் படித்தபோது, நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பார்த்த எவருக்கும் இது புரியுமே என்று மகிழ்ந்தேன். மற்றது விஷ்ணுதர்மோத்தரம் என்ற வடமொழிப் புராணத்தில் ஓவியம் பற்றிய பகுதியான சித்திரசூத்திரம். ஸ்டெல்லா க்ராம்ரிஷ், சிவராமமூர்த்தி ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள்ளன. சிலை செய்யக் கற்க விரும்பும் வஜ்ரன் என்ற அரசனிடம், ஓவியம் அறியாமல் சிலை வராது, ஆடல் அறியாமல் ஓவியம் வராது, கருவியிசை அறியாமல் ஆடல் வராது, பாட்டு அறியாமல் கருவியிசை வராது என்று மார்க்கண்டேயர் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னோக்கி அழைத்துச் செல்லும் உரையாடலை முதலில் படியுங்கள். சுவருக்குச் சாந்து பூசும் பகுதிகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தாலிய ஓவியர் வசாரி 1550இல் வெளியிட்ட ஓவியர் வரலாறுகளைக் கதையாகப் படித்து மகிழலாம். ஆனால் அவர் சொல்வதையெல்லாம் வரலாறாகக் கொள்ள வேண்டாம்.

விடுபட்டவர்களைத் தேடி

கோம்பிரிச்சின் குறை என்று முன்னே சொன்னதற்கு இப்போது வருகிறேன். அவர் நூலின் முதற்பதிப்பில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை. 16ஆம் பதிப்பிலும் ஒருவர்தான். மாபெரும் பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து லிண்டா நாக்லின் 1971இல் எழுதிய கட்டுரை, ஒரே அமர்வில் படிக்கக்கூடியது. அவர் திறமையைப் பற்றி வாதிடவில்லை, யாருக்குக் கதவு திறந்திருந்தது என்று கேட்கிறார். பெரிய வரலாற்று ஓவியங்களை வரைய ஆடையற்ற உடலைப் பார்த்துப் பயில்வது இன்றியமையாதது; லண்டன் ராயல் அகாதெமியில் 1893வரைகூடப் பெண் மாணவர்களுக்கு அந்த வகுப்பில் இடமில்லை. ஸோஃபனி வரைந்த அகாதெமி உறுப்பினர்களின் கூட்டு ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். ஆண்கள் எல்லாரும் ஆடையற்ற மாதிரியைச் சூழ்ந்து நிற்க, அகாதெமியை நிறுவிய உறுப்பினர்களான ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இருவர் மட்டும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாகத் தொங்குகிறார்கள். இந்த ஒரு படமே அக்கட்டுரைக்கு விளக்கவுரை. அடுத்து, கேட்டி ஹெஸல் 2022இல் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட் வித்அவுட் மென்' நூலைக் கோம்பிரிச்சின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதே நூற்றாண்டுக்கான இயல்களை இணைத்துப் படிக்கலாம்.

தமிழ்நாட்டின் நவீன ஓவியத்துக்கு, கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நேரில் பார்த்துவிட்டு, அங்கு வாழ்ந்து மறைந்த ஓவியர் கே. ராமானுஜத்தின் வாழ்வைச் சி. மோகன் நாவலாக்கிய 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' படிக்கலாம்.

எவற்றைத் தள்ளிப்போடலாம், எங்கே கிடைக்கும்

ஓவியர் காந்தின்ஸ்கி 1911இல் எழுதிய நூலும், ஓவியர் பால் கிளே 1925இல் எழுதிய கற்பித்தல் குறிப்பேடும், குமாரசுவாமியின் பிற்காலத் தத்துவ நூல்களும் மிக உயர்ந்தவை. ஆனால் முதலாண்டில் அவற்றைத் தொட வேண்டாம். அவை ஏற்கெனவே பார்த்துப் பழகியவரோடு பேசுபவை, பழகாதவருக்குச் சொற்களாகவே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. வாங்க வேண்டியவை பெர்ஜரின் நூல், கோம்பிரிச்சின் நூல், ஆல்பர்ஸின் நூல் மூன்றுமே. கடைசி இரண்டையும் வாங்கும்போது வண்ணப் பதிப்புதானா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். வான்கோவின் கடிதங்கள் அனைத்தையும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் ஆங்கில மொழிபெயர்ப்போடும் மூலத்தின் படங்களோடும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களுக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை என்பதால், 1947இல் மறைந்த குமாரசுவாமியின் நூல்களையும் வசாரியின் பழைய மொழிபெயர்ப்புகளையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தான் முன்பு வெளியிட்ட நூற்றுக்கணக்கான நூல்களைத் தரவிறக்கத் தருகிறது. அச்சுத் தரத்துக்கு இணையான படங்கள் அவற்றில் உண்டு.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாந்தியன் சாலை ஒரு பெரும் வாய்ப்பு. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையில் நூலகத்தில் சிவராமமூர்த்தியின் நூலில் ஒரு படிமத்தைப் பற்றிய பக்கங்களைப் படித்துக் குறித்துக்கொண்டு, சில நிமிட நடையில் அதே படிமத்தின் முன் சென்று நிற்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வேறு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பென்சிலும், அட்டை கெட்டியான ஒரு சிறு குறிப்பேடும் கையில் இருக்கட்டும்.